பழைய திங்க்பேடுக்கு மினி டொக் பிளஸ் சீரீஸ் 3: வாங்கலாமா?

திங்க்பேட் டி430, எக்ஸ்230 வகை லெப்டொப் வீட்டில் இருந்தால், புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் லெனோவாவின் இந்த டொக்கிங் ஸ்டேஷனைப் பாருங்கள். லெப்டொப்பை இதன்மேல் வைத்தால் மொனிட்டர், லேன், யூஎஸ்பி எல்லாம் ஒரேயடியாக இணையும். இப்போது பாவித்த சாமானாகத்தான் கிடைக்கும். டொக்கின் அடிப்பக்க ஸ்டிக்கரில் 4338 என்ற வகை எண் இருக்கவேண்டும். டி410, டி420, டி430, டி510, டி520, டி530, எக்ஸ்220, எக்ஸ்230 ஆகியவற்றுக்குப் பொருந்தும். டி440-இலிருந்து லெப்டொப்பின் அடியில் உள்ள கனெக்டரே வேறு. அதற்கு இது உதவாது.

யூஎஸ்பி டொக் போதாதா என்று பலர் கேட்பார்கள். டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள யூஎஸ்பி டொக்கில் படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை புரொசசர் தலையில் விழும். இரண்டு கோர் ஐ5-இல் சூம் வகுப்பு ஓடும்போது அது தெரியும். இந்த டொக்கோ லெப்டொப்பின் கிராபிக்ஸிலிருந்து நேரடியாகவே சிக்னலை எடுக்கிறது. டிரைவர் தொல்லையும் இல்லை. டி430-இல் யூஎஸ்பி-சி கிடையாது என்பதால் அந்த வகை ஹப்களை நினைக்கவே வேண்டாம்.

பின்னால் மொனிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் இரண்டு, டிவிஐ இரண்டு, விஜிஏ ஒன்று. ஐந்து மொனிட்டர் போடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு டிவிஐயும் சோடி. சோடிக்கு ஒன்றுதான் வேலை செய்யும். டி420-இன் எச்டி 3000 கிராபிக்ஸில் எப்படியும் ஒரே நேரத்தில் இரண்டு திரைதான். டி430-இன் எச்டி 4000 மூன்றைத் தாங்கும்.

ஏமாறும் இடம் அடப்டர். டொக்குக்கு 20 வோல்ட், 4.5 அம்பியர், அதாவது 90 வொட், உருண்டை முனை வேண்டும். புதிய திங்க்பேடின் சதுர முனை நுழையாது. அடப்டர் இல்லாத டொக்கை மலிவு என்று தூக்கிவராதீர்கள். பூட்டின் சாவியையும் கேளுங்கள். பூட்டிய நிலையில் லெப்டொப்பைக் கழற்ற முடியாது.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரப்பதனில் கனெக்டரின் பித்தளை நிறப் பற்கள் மங்கும். மொனிட்டர் விட்டுவிட்டு அணையும். கரண்டை நிறுத்தி, பெட்டரியையும் கழற்றி, ஐசோப்ரொப்பைல் அற்ககோலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் இரு பக்கமும் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பொருத்துங்கள். கழற்றிய பெட்டரியை மறக்காமல் திரும்பப் போடுங்கள். கரண்ட் போனாலும் லெப்டொப் அணையாமல் இருக்கும், எழுதியதைச் சேமிக்க நேரம் கிடைக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கோடு லேன் வயரையும் கழற்றுங்கள். ரூட்டர் வழியாக வரும் மின்னலும் போர்டைச் சுடும்.

வேகத்துக்கு டொக் எதுவும் செய்யாது. எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இல்லையென்றால் முதலில் அதற்குச் செலவழியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-ஐ இந்த வயது புரொசசரில் மைக்ரோசொப்ட் ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டாலும் டொக் வேலை செய்யும். கடையில் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் லெப்டொப்பையே அதில் வைத்து, லேன், யூஎஸ்பி, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.