ஃபில்டர் காபிக்காரரும் லேப்டாப்காரரும் ஒரே கடைக்கு வர வேண்டுமென்றால்

காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சி முடித்து வரும் பெரியவருக்கு ஒரு டம்ளர் காபி வேண்டும். ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பதினோரு மணிக்கு லேப்டாப்போடு வருபவர் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவார். மாலையில் வரும் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேருக்கும் கோல்ட் காபி. இந்த மூன்று வகை ஆட்களுக்கும் ஒரே மெனு பலகையையும் ஒரே வரிசையையும் ஒரே அளவுக் கோப்பையையும் நீட்டும் வரை, ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் காபி சங்கிலிக் கடைகளுக்கு ஒரு வகை ஆள்தான் நிலைப்பார்.

அதிகம் கோட்டை விடுவது முதல் ஆளிடம்தான். எஸ்பிரெஸோ இயந்திரம் வைத்த கடைகள் பலவற்றில் இப்போது ஃபில்டர் காபியும் உண்டு. ஆனால் அதை மெனுவில் இன்னொரு வரியாகச் சேர்த்தார்களே தவிர, அதற்கென்று தனி வேலைமுறை வைக்கவில்லை. விளைவு கோப்பையில் தெரிகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 கிராம் பொடிக்கு 250 மில்லி கொதிநீர் ஊற்றினால், பொடி உறிஞ்சியது போக ஏறக்குறைய 150 மில்லி முதல் டிகாஷன் இறங்கும். டம்ளருக்கு 30 மில்லி வீதம் ஐந்து காபி. அறைச்சூட்டில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் அந்த 30 மில்லி டிகாஷனில், கொதித்து இறக்கிய 95 டிகிரிப் பால் 90 மில்லி ஊற்றினால் காபி கிட்டத்தட்ட 79 டிகிரியில் நிற்கும். டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் குடிக்கும் பதம். அதே டிகாஷனில் நீராவிக் குழாயில் 65 டிகிரிக்குச் சூடாக்கிய பாலை ஊற்றினால் 56 டிகிரிதான் வரும். "என்னப்பா, ஆறிப்போன காபியா குடுக்குறே?" என்று பெரியவர் கேட்பது இதனால்தான். கடைக்காரப் பையன் மீது தவறில்லை. கப்புச்சினோவுக்கு 60 முதல் 65 டிகிரியில் நிறுத்தச் சொல்லித்தான் அவனைப் பழக்கியிருக்கிறார்கள். 70 தாண்டினால் நுரை முரடாகும், பாலின் இனிப்பும் குறையும் என்பது கப்புச்சினோவுக்குச் சரியான பாடம். டம்ளர் காபிக்கு அது பொருந்தாது. ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு பால் பாத்திரமும் தனியே வைத்தால் தீர்ந்தது.

அடுத்த கோளாறு, காலையில் போட்ட டிகாஷனை ராத்திரி வரை சூட்டுத்தட்டில் வைத்திருப்பது. மணம் போய்விடும், கசப்பு ஏறும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஆகும் அளவை மட்டும் இறக்கி, மூடி, அடுப்பில் வைக்காமல் எடுத்து ஊற்ற வேண்டும். சூட்டைப் பால் கொடுத்துவிடும். டிகாஷன் இறங்காமல் நின்றால் பொடி மிகவும் நைசாக இருக்கிறது, அல்லது பொடி மேல் வைக்கும் தட்டை அழுத்திவிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் முழுதும் இறங்கிவிட்டால் அரைப்பு கொரகொரப்பு. பதினைந்து இருபது நிமிடம் எடுத்தால் சரி.

மூன்றாவது, பாத்திரம். 120 மில்லி டம்ளருக்கான டிகாஷனை 240 மில்லி காகிதக் கோப்பையில் விட்டு, மீதியைப் பாலால் நிரப்பினால் கிடைப்பது காபி வாசனை அடிக்கும் பால். டாடாவுடன் கூட்டாக 2012-ல் மும்பையில் தொடங்கிய ஸ்டார்பக்ஸ் இங்கே ஃபில்டர் காபியையும், சுமார் 177 மில்லி கொள்ளும் பிக்கோ என்ற சின்னக் கோப்பையையும் கொண்டுவந்தது நல்ல முடிவு. நாளுக்கு மூன்று வேளை குடிப்பவரிடம் 354 மில்லி கொள்ளும் ‘டால்’ என்ற கோப்பையை நீட்டுவதில் அர்த்தமில்லை.

ஆள் பார்த்து வாசல் வைத்ததில் கஃபே காபி டே முன்னோடி. 1996-ல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் இணைய வசதியோடு திறந்த கடை அது. பிறகு உட்கார்ந்து பேசுபவருக்குக் கஃபே, கூடுதல் செலவு செய்பவருக்கு லவுஞ்ச், ஓட்டமாய் ஓடுபவருக்கு எக்ஸ்பிரஸ் சாவடி, அலுவலகத்துக்கு இயந்திரம் என்று பிரித்தது. ஒரே கூரையின் கீழ் எல்லோரையும் அடைக்காத இந்த யோசனை இன்றும் செல்லும்.

எல்லா வயதினரும் ஒன்றாக உட்காரும் இடம் என்றால் இந்தியன் காபி ஹவுஸ்தான். அரசின் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, வேலை இழந்த ஊழியர்கள் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்களாக எடுத்து நடத்துவது. அங்கே தலைப்பாகைக்காரர் மேசைக்கு வந்து கேட்பார். புதிய சங்கிலிகளில் கவுண்டரில் நின்று, ஆங்கில மெனுவைப் படித்து, பெயர் கொடுத்து, கூப்பிடும்போது இரைச்சலில் காது கொடுத்துக் கேட்டுப் போய் எடுக்க வேண்டும். முட்டிவலிக்காரர் இரண்டாம் முறை வரமாட்டார். கூட்டம் குறைந்த காலை வேளையிலாவது மேசைக்கே கொண்டுவந்து கொடுக்கலாம். மெனுவைத் தமிழிலும் எழுதலாம். சர்க்கரை வேண்டுமா, பாதியா, வேண்டாமா என்று கலக்கும் முன்பே கேட்கலாம்.

லேப்டாப்காரரை விரட்டத் தேவையில்லை. சுவரோரமாக நீள மேசை, இருக்கைக்கு ஒரு பிளக், ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது கோப்பை பாதி விலை. இது போதும். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிபி கேட்கும் வைஃபை, தட்டு வைத்தால் லேப்டாப்புக்கு இடமில்லாத வட்ட மேசை ஆகியவைதான் அவரை வேறு கடைக்கு அனுப்புகின்றன.

காபிக் கொட்டை வாங்க வருபவர் தனி ரகம். ப்ளூ டோக்காய், தேர்ட் வேவ் போன்ற புதிய காபிக் கடைகள் எஸ்டேட் பெயர், வறுவல் விவரம் எல்லாம் சொல்லி விற்பதால் அந்த ஆளைப் பிடித்துவிட்டன. ஒன்று கவனிக்க வேண்டும்: இளவறுவல் அராபிகா ரகக் கொட்டையைச் சிக்கரி இல்லாமல் நம் பித்தளை ஃபில்டரில் போட்டால் டிகாஷன் தண்ணீராய் இறங்கும். கருவறுவல் கேளுங்கள், ஃபில்டருக்கு என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். கலப்புப் பொடிப் பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். 49-க்கு மேல் போகக் கூடாது. அதே விவரத்தைக் கடைப் பலகையிலும் எழுதினால், சிக்கரி வேண்டாம் என்பவரும் 80:20 (காபி 80, சிக்கரி 20) வேண்டும் என்பவரும் கேட்டு வாங்குவார்கள்.

மாலைக் கூட்டத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. கோல்ட் காபியில் சீனி கரையாது, பாகாகக் கொடுங்கள். பலகையில் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த விலையைப் போடுங்கள். நாலு பேர் காசு பங்கிடும்போது அது பெரிய உதவி.

புதிதாக ஒரு கிளைக்குள் நுழைந்தால், "டிகாஷன் எப்போ போட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். மணி சொன்னால் டம்ளர் காபி வாங்கலாம். முழித்தால் அங்கே எஸ்பிரெஸோவே குடியுங்கள்.