மோனெல் 400 ஷாஃப்ட்: கடல்நீர்ப் பம்பில் இரண்டு பருவங்கள்

தூத்துக்குடிப் பக்கம் நான் பராமரிப்பு பார்க்கும் உப்பளத்தில், ஓடையிலிருந்து கடல்நீர் ஏற்றும் பம்பின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் இருந்தவரை, ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் பழுதானது. நீர் கசியாமலிருக்கச் சுற்றி அடைக்கும் கயிறான கிளாண்ட் பேக்கிங் இருக்கும் நான்கு விரல் அகலம்தான் அந்த இடம். வெளியே தெரியும் பகுதி பளபளவென்றிருக்கும். பேக்கிங்கைக் கொக்கியால் இழுத்தெடுத்தால், அடியில் குண்டூசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். எஃகைக் காக்கும் மெல்லிய படலம் ஆக்சிஜன் கிடைக்கும்வரைதான் நிலைக்கும். காற்றும் நீரோட்டமும் எட்டாத இடுக்கில் குளோரைடு சேரும்போது அது உடைந்துவிடுகிறது. நாங்கள் போட்டிருந்த கிராஃபைட் பேக்கிங் அந்த அரிப்பை இன்னும் விரைவாக்கியது. மாற்றாக வாங்கியதுதான் மோனெல் 400.

இது நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். நிக்கல் குறைந்தது 63 சதவீதமும், செம்பு 28 முதல் 34 சதவீதம் வரையும், மீதியில் சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் இருக்கும். கனடாவின் சட்பரிச் சுரங்கத் தாதுவில் இவ்விரு உலோகங்களும் ஏறத்தாழ இதே விகிதத்தில் சேர்ந்தே கிடைத்ததால், அவற்றைப் பிரிக்காமல் அப்படியே உருக்கி எடுக்கலாம் என்று 1905இல் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் கண்டறிந்து, அதன் தலைவர் ஆம்புரோஸ் மோனெலின் பெயரை வைத்தார்கள்.

வாங்குவது எளிதாக இருக்கவில்லை. முதலில் வந்த கம்பியோடு நிக்கல்-செம்புக் கம்பிகளுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் பி164ஐக் குறிப்பிட்ட சான்றிதழும் வந்தது. ஆனால் 50 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட அந்தக் கம்பி தராசில் 15.7 கிலோதான் காட்டியது. மோனெலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.80 கிராம் என்பதால் 17 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். சான்றிதழ் எதுவாயினும், எடை 316இன் எடை. ஒரு துளி நைட்ரிக் அமிலம் விட்டுப் பார்த்தோம். மோனெலாக இருந்தால் பொங்கிப் பச்சை நீலமாக மாறியிருக்கும், இதிலோ எந்த மாற்றமும் இல்லை. திருப்பி அனுப்பி, வேறு வியாபாரியிடம் எக்ஸ்ரே கருவியால் சோதித்தே வாங்கினோம்.

அந்தக் கம்பியும் ஒரு நாள் எங்களைக் குழப்பியது. காலையில் லேசாகக் காந்தத்தை இழுத்த துண்டு, மதிய வெயிலில் கிடந்தபின் இழுக்கவில்லை. மோனெல் 400 காந்தத் தன்மையை இழக்கும் வெப்பநிலை, கலவையின் சிறு வேறுபாட்டைப் பொறுத்து, 21 முதல் 49 டிகிரி செல்சியஸுக்குள் அமைகிறது. நம் ஊர் வெயில் அந்த எல்லையின் நடுவில் வந்து நிற்கிறது. ஆகவே காந்தத்தை மட்டும் வைத்து இந்த உலோகத்தைத் தீர்மானிப்பது வீண்.

"அண்ணாச்சி, இது வெட்டுப்படலை, வழுக்கிக்கிட்டே போகுது" என்றார் லேத் போடுபவர். குற்றம் டூலின் முனையில் இருந்தது. முனை மழுங்கி, வெட்டாமல் உரசினால், மோனெலின் மேற்பரப்பு உடனே இறுகிவிடும். அடுத்த சுற்று அதைவிடக் கடினமாகும். கூரான முனை, குறைந்த வேகம், நிற்காத ஃபீடு (டூல் முன்னேறும் நகர்வு), நிறைய குளிர்விக்கும் எண்ணெய் ஆகியவை இருந்தால் வேலை நடக்கிறது. அந்த ஷாஃப்டுக்கு, எஃகு ஷாஃப்டைவிட இரண்டு மடங்கு நேரமும் நான்கு டூல் முனைகளும் செலவாயின.

இரண்டு பருவங்கள் ஓடியபின் பிரித்தபோது, பேக்கிங்குக்கு அடியில் ஒரு புள்ளி அரிப்புகூட இல்லை. ஓடும் கடல்நீரில் இதன் அரிப்பு ஆண்டுக்கு 0.025 மி.மீ.க்கும் குறைவு என்று சொல்வதை நம்பலாம். ஆனால் பேக்கிங் உரசிய இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது; அது தேய்மானம்தான். மோனெல் 400 மென்மையான உலோகம். அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்து வெப்பத்தால் கடினப்படுத்திய கே-500 ரக மோனெல், அரிப்பு எதிர்ப்பில் ஏறத்தாழ இதற்கு நிகராக இருந்துகொண்டே, இரண்டு மூன்று மடங்கு வலிமை தருகிறது. ஷாஃப்டுக்கு முதலிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு தவறுகள் எங்களுடையவை. முதல் மழைக்காலத்தில், உற்பத்தி நின்றதும், பம்பைக் கடல்நீரோடு அப்படியே விட்டுவிட்டோம். தேங்கிய நீரில், ஷாஃப்டில் ஒட்டிய கொட்டலசுகளுக்கு (ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) அடியில் சிறு குழிகள் விழுந்திருந்தன. ஓடும் நீரில் உறுதியாக நிற்கும் இந்த உலோகத்துக்குத் தேங்கிய கடல்நீர் ஆகாது. இப்போது பருவம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, வடித்துவிட்டுத்தான் பூட்டுகிறோம். இரண்டாவது, நீரைத் தள்ளும் இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் கீயைச் சாதாரண இரும்பிலேயே போட்டது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால், எளிதில் அரிபடும் உலோகம் விரைவாகக் கரையும். பெரிய மோனெல் பரப்பைத் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்த அந்தச் சின்ன இரும்புத் துண்டு, பிரித்தபோது பாதிகூட மிஞ்சவில்லை. 1915இல் அமெரிக்காவில் மோனெல் தகடுகளால் கட்டிய 'ஸீ கால்' என்ற பாய்மரப் படகையும், உள்ளே இருந்த எஃகு இதே காரணத்தால் அரிக்கப்பட்டு, சில வாரங்களிலேயே கைவிட நேர்ந்தது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் புழங்கும் ஆல்கைலேஷன் (பெட்ரோலில் கலக்கும் பொருளைத் தயாரிக்கும்) பிரிவுகளிலும், கச்சா எண்ணெய் வடிகோபுரங்களின் உச்சியிலும் இந்த உலோகத்தைத் தேடிப் போடுகிறார்கள். அதே அமிலத்தின் ஈரமான ஆவியோடு காற்று கலந்தால், இழுவிசையில் உள்ள மோனெல் விரிசல் விடும். நைட்ரிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு, செறிந்த ஹைப்போகுளோரைட் ஆகியவற்றுக்கும் இது பொருந்தாது. கொட்டலசைக் கொல்ல ஹைப்போகுளோரைட் விடும் குழாய் முனையையும் மோனெலிலேயே செய்துவிடலாமா என்று ஒருவர் கேட்டபோது, பிளாஸ்டிக்கே போதும் என்றேன்.

விலை என்று பார்த்தால், இந்த ஒரு கம்பிக்கு 316 கம்பிகள் ஐந்தாவது வாங்கலாம். நல்ல தண்ணீர் ஓடும் பம்புக்கு இதைப் போடுவது வெட்டிச் செலவு. ஓடைக்கரையில் இருக்கும் எங்கள் இரண்டாவது பம்புக்கு, கே-500 ஷாஃப்டும் அதே உலோகத்தில் கீயும், கிராஃபைட்டுக்குப் பதில் டெஃப்லான் பேக்கிங்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கம்பியை எங்கள் கண்முன் எடைபோட்டுத் தர வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே சேர்த்திருக்கிறோம்.