காசிமேட்டுக் கயிற்றுக் கடையும் தனியாகக் கடலோடுபவனின் ஒரு பகலும்

புதுச்சேரியிலிருந்து வடக்கு நோக்கி 26 அடிப் பாய்மரப் படகில் தனியாளாகச் செல்லும் வழியில், கடந்த பிப்ரவரி இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்குள் இரண்டு நாள் தங்கினேன். 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுக வளாகத்துக்குள்ளேயே இயங்குவதால், பாய்மரத்துடன் வருபவரை இந்த ஊர் விநோதமாகப் பார்ப்பதில்லை. முதல் நாள் பகலைக் கரை வேலைகளுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். அரிசி, பருப்பு, மாத்திரைகள், டார்ச்சுக்கு பேட்டரி ஆகியவை மண்ணடியிலும் பாரிமுனையிலும் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காசிமேட்டில் சூரியநாராயண செட்டித் தெருவில் நான் நங்கூரக் கயிறு வாங்கிய கடையைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். வாசலில் நீல டிரம் ஒன்றைக் குறுக்கே வெட்டி, தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள் என்பதே அடையாளம்.

என் பழைய நங்கூரக் கயிறு படகின் முன்முனையில் உராய்ந்து உராய்ந்து, அதன் மூன்று பிரிகளில் ஒன்று பாதி அறுந்திருந்தது. இரண்டு பேர் செல்லும் படகில் ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்கலாம். தனியாகச் செல்பவன் கண்ணயரும் மூன்று நான்கு மணி நேரமும் படகுக்குக் காவல் அந்தக் கயிறுதான். இந்தக் கயிற்றையும் நைலான் என்று நம்பித்தான் வேறோர் ஊரில் வாங்கியிருந்தேன். ஓராண்டு வெயிலிலேயே மேல்நூல் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியபோதுகூட எனக்குச் சந்தேகம் எழவில்லை.

கடற்கரை ரயில் நிலையத்தருகே ஷேர் ஆட்டோ ஏறி, கண்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடந்து கடையை அடைந்தபோது மணி பதினொன்று ஆகியிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய கடைக்காரர், எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று கேட்கவில்லை. "எதுக்குக் கட்டப்போறீங்க தம்பி?" என்றுதான் கேட்டார். நங்கூரத்துக்கு என்றதும் பழைய கயிற்றைக் காட்டச் சொன்னார். அதிலிருந்து ஒரு சாண் வெட்டி, வாசலில் இருந்த தொட்டித் தண்ணீரில் அமுக்கி, உள்ளே சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறும்வரை விரல்களால் பிழிந்துவிட்டுக் கையை எடுத்தார். துண்டு மேலே வந்து மிதந்தது. பிறகு தம் கடைக் கயிற்றில் ஒரு துண்டை அதேபோலப் பிழிந்துவிட்டார். அது நேராகத் தொட்டியின் அடியில் போய்ப் படிந்தது. "நான் சொல்றது இருக்கட்டும் தம்பி, தண்ணியே சொல்லிடுச்சு பாருங்க" என்றார். நைலான் நீரைவிடக் கனமானது, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை நீரைவிட லேசானது என்பதைப் படித்திருந்தும், என் படகில் கிடந்த கயிற்றை ஒருநாளும் நான் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. மிதக்கும் கயிறு அடுத்த படகை உந்தும் விசிறியில் சிக்கும். வெயிலில் விரைவாக நைந்துபோகும். அலை தூக்கிப்போடும்போது நைலானைப் போல நீண்டு கொடுத்து அதிர்வைத் தாங்கவும் செய்யாது.

காசிமேட்டில் கயிற்றை எடைபோட்டுத்தான் விற்கிறார்கள். மீட்டர் கணக்கில் வாங்கிப் பழகியவர்களுக்கு இது முதலில் சங்கடமாக இருந்தாலும், வாங்குபவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. 12 மில்லிமீட்டர் நைலான் முறுக்குக் கயிறு நூறு மீட்டருக்கு ஒன்பது கிலோவை ஒட்டி இருக்கும். அதே தடிமனில் பாலிப்ரொப்பிலீன் ஆறரை கிலோதான். எனக்கு அளந்து வெட்டிய 50 மீட்டர், தராசில் 4 கிலோ 450 கிராம் காட்டியது. அளவும் எடையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்போது கலப்படத்துக்கு இடமில்லை. கிலோ 340 ரூபாய் என்று கணக்கிட்டு 1,513 ரூபாய் வந்தது, 1,510 வாங்கிக்கொண்டார். ஏழு மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டால் ஆழத்தைப் போல ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பதால் 50 மீட்டர் போதும் என்று நான் சொன்னபோது, முன்முனையிலிருந்து நீர்மட்டம்வரை உள்ள உயரத்தைச் சேர்த்தீர்களா என்று கேட்டார். சேர்க்கவில்லை. இருந்தும், கயிற்றின் கீழே பத்து மீட்டர் சங்கிலி இருப்பதைக் கேட்டறிந்தபின், கூடுதலாக விற்க முயலாமல் இதுவே போதும் என்று அவரே சொன்னார்.

சங்கிலியோடு சேரும் முனையில் கயிறு தேயாமல் காக்கும் இரும்பு வளையமான திம்பிளைச் சுற்றிக் கயிற்றைப் பின்னித் தருவதற்கு 150 ரூபாய். கடையிலுள்ள இளைஞர் மூன்று பிரிகளையும் பிரித்து, ஒவ்வொரு நுனியையும் மெழுகுவத்தியில் காட்டி உருக்கிக் கூராக்கி, முறுக்குக்கு எதிராக ஒன்றின்மேல் ஒன்றாக நுழைத்து இழுத்தார். மூன்று சுற்று போதாதா என்றேன். அது தேங்காய்நார்க் கயிற்றுக்குப் போதும், நைலான் வழுக்கும் என்று சொல்லி ஐந்து சுற்று பின்னினார். பிறகு திம்பிளை வாசல் கொக்கியில் மாட்டி, கயிற்றைத் தம் இடுப்பில் சுற்றிக்கொண்டு முழு உடல் எடையையும் கொடுத்துச் சாய்ந்தார். பின்னல் இறுகிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இருபது நிமிடத்துக்காகவே இந்தக் கடைக்கு மறுபடியும் செல்வேன்.

குறைகளும் உண்டு. பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு நீளாத பாலியெஸ்டர் பின்னல் கயிறு வேண்டும். அது இங்கே இல்லை. மீன்பிடி விசைப்படகுகளுக்குத் தேவைப்படாததால் வாங்கி வைப்பதில்லையாம். இருக்கும் நைலானைத் தலையில் கட்டாமல், "அதுக்கு இது இழுத்துக்கும், வாங்காதீங்க" என்று தடுத்து, மண்ணடியில் கேட்க வேண்டிய தெருவை பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் கொக்கியான ஷாக்கிள் விஷயத்தில் இவ்வளவு திருப்தி இல்லை. துருப்பிடிக்காதது என்று வைத்திருப்பவற்றில் தர எண் பொறிக்கப்படவில்லை. உப்பு நீருக்கு, மாலிப்டினம் கலந்த 316 தரம்தான் தாங்கும் என்பதால், எண் இல்லாததை வாங்குவதைவிட துத்தநாகம் பூசிய இரும்பு ஷாக்கிளே மேல் என்று அதையே எடுத்தேன். உட்கார இடமில்லை, பில் கையால் எழுதியது, மதியம் ஒன்றரை முதல் மூன்று மணிவரை கடை அடைப்பு. பின்னல் வேலைக்குக் காத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வரும் கூட்டத்தில் இந்தப் பக்கம் நடப்பதே சிரமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கட்டப்படுவதால், வலைக்கும் கயிற்றுக்கும் வரிசை நீளும். வாரநாளில், காலை வேளையில் செல்லுங்கள். பழைய கயிற்றில் ஒரு முழமாவது மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.