80 சீரிஸ் லேண்ட் க்ரூஸருக்கு டர்போ: ஷார்ஜா பட்டறை செய்த வேலை எப்படி?

ஷார்ஜா சனையாவில் (தொழிற்பேட்டையில்), எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை வைத்துத் தருகிறோம் என்று சொல்லாத கராஜைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆனால் வண்டியை உள்ளே விட்டதும் டர்போ பற்றிப் பேச மறுத்து, முதலில் எஞ்சினின் உடல்நிலையைப் பார்ப்போம் என்று சொன்ன இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இரண்டே லிஃப்ட் உள்ள சின்ன பட்டறை. ஏற்கெனவே வரிசை நீளமாக இருப்பதால் பெயரை எங்கும் எழுதவேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதனால் வேலையை மட்டும் எழுதுகிறேன். வேறு எங்கே செய்தாலும் எதையெல்லாம் கேட்டு வாங்கவேண்டும் என்பதற்கு இது உதவும்.

வண்டி 1996 மாடல் டொயோட்டா லேண்ட் க்ரூஸர், 80 சீரிஸ், மேனுவல் கியர். எஞ்சின் 1எஃப்இசட்-எஃப்ஈ. 4,477 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 24 வால்வு, வார்ப்பிரும்பு பிளாக். கம்பெனிக் கணக்கில் 210 சொச்சம் குதிரைத்திறன். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை, அதுவும் பெரிய டயர் போட்டு மணலில் ஏற்றும்போது அது போதவே போதாது. ஆனால் இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, வெறும் 9:1. இன்றைய கணக்குக்கு அது குறைவு. கூடுதல் காற்றைத் திணிக்க இடம் இருப்பதால் டர்போ வைப்பவனுக்கு அதுவே வரம். அடிப்பாகமும் கெட்டி. வளைகுடாவில் இந்த எஞ்சினையும் நிஸான் பட்ரோலின் 4.8 லிட்டர் டிபி48 எஞ்சினையும் விட்டால் டர்போ ஆட்கள் வேறு எதையும் பேசமாட்டார்கள். எது பெரிது என்ற சண்டை கரக் டீக்கடைதோறும் நடக்கிறது. நான் டொயோட்டா கட்சி.

ஃபோர்மேன் பாலக்காட்டுக்காரர், நல்ல தமிழ் பேசுவார். "சார், முப்பது வருஷத்து எஞ்சின். கம்ப்ரஷன் பாக்காம, லீக் டவுன் பாக்காம நான் டர்போவ தொடமாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் 165 பிஎஸ்ஐயை (பிஎஸ்ஐ என்பது அழுத்த அளவு) ஒட்டி, பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமல் வந்தது. லீக் டவுனுக்காகக் காற்றை உள்ளே செலுத்தி எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்டார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழி வருகிறதா என்றும் பார்த்தார்கள். இந்த எஞ்சினுக்கு, பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பின்பக்கம், ஆறாவது சிலிண்டர் அருகே போவது பழைய வியாதி. குமிழி இல்லை. இருந்தும் கேஸ்கெட்டைப் பல அடுக்கு உலோக வகைக்கு மாற்றி, ஹெட் போல்ட்டுக்குப் பதில் ஏஆர்பி கம்பெனியின் கெட்டியான ஸ்டட் போடச் சொன்னார்கள், சம்மதித்தேன். இன்டேக் மேனிஃபோல்ட் கழன்றிருக்கும்போதே அதன் அடியில், எஞ்சினின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன ஹீட்டர் ஹோஸையும் மாற்றிவிட்டார்கள். 80 சீரிஸ் வைத்திருப்பவர்களுக்கு எந்த ஹோஸைச் சொல்கிறேன் என்று தெரியும். அது வெடித்தால் பாலைவன நடுவில் தண்ணீர் முழுக்கப் போய்விடும். மாற்றுவதற்குக் கை நுழையாது.

டர்போ காரெட் ஜிடி3582ஆர். இதில்தான் நீண்ட வாக்குவாதம். வேறு இடங்களில் பெரிய டர்பைன் ஹவுசிங் (புகை உள்ளே போகும் கூடு), அதாவது 1.06 ஏ/ஆர் (அந்தக் கூட்டின் அளவைச் சொல்லும் எண்) போடச் சொன்னார்கள். மேலே போகப்போக சக்தி கூடும், டைனோவில் (சக்கரத்தில் சக்தியை அளக்கும் கருவி) பெரிய எண் வரும். இவர்கள் 0.82 போதும் என்றார்கள். ஹவுசிங் சின்னதானால் புகையின் வேகம் கூடி டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும். உச்சத்தில் கொஞ்சம் இழக்கலாம். ஆனால் மணலில் யாரும் உச்சத்தில் ஓட்டுவதில்லை. என் வண்டியில் முழு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 2,600 ஆர்பிஎம் அருகே வந்துவிடுகிறது, அதுவும் படிப்படியாக. இதுதான் முக்கியம். 3,500 வரை தூங்கிவிட்டு திடீரென்று எழும் டர்போ, மேட்டின் பாதியில் நான்கு சக்கரத்தையும் ஒரே நொடியில் சுழற்றிக் குழி பறித்துவிடும். சாலையில் அது ஜாலி, மணலில் வண்டியைப் புதைக்கும்.

பூஸ்ட் 7 பிஎஸ்ஐ. கடல்மட்டத்தில் காற்றழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான் என்பதால் இது கிட்டத்தட்ட பாதி காற்றைக் கூடுதலாகத் திணிப்பது. கம்பெனி பிஸ்டனோடு அதற்கு மேல் போகமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். 15 பிஎஸ்ஐ கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். காசு வேண்டாமென்று சொல்லும் கராஜ் இந்த ஊரில் அபூர்வம்.

என்னை அசத்திய இடம் ஒன்று உண்டு. டர்போவுக்குள் போகும் எண்ணெய் வெளியே வர பம்ப் கிடையாது, தன் எடையில் கீழே இறங்கி, எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குப் போகவேண்டும். குழாய் கொஞ்சம் படுத்தாலும் எண்ணெய் தேங்கி சீல் வழியாகக் கசிந்து புகையாக வரும். முதலில் செய்த குழாய் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஃபோர்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார். நடுவில் ஒரு முழங்கை மட்டும் சற்றுப் படுத்திருந்தது. "மேட்டுல வண்டி சாஞ்சு நிக்கும்போது இது மேல் நோக்கிப் போயிரும்" என்று சொல்லி, அறுத்து, வேறு கோணத்தில் வெல்டிங் செய்ய வைத்தார். நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

எக்ஸாஸ்ட் இந்த எஞ்சினில் வலப்பக்கம். இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் ஸ்டீயரிங் ராடும் டர்போ சூட்டிலிருந்து தள்ளி இருக்கின்றன. இந்தியா, இலங்கை போல வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியென்றால் எல்லாம் ஒரே மூலையில் நெருங்கும். வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் அங்கே இதைச் செய்யக்கூடாது.

காற்று வடிகட்டி விஷயத்தில் இவர்களுக்கு முழு மதிப்பெண். கூம்பு வடிவ ஓபன் ஃபில்டர் வைத்துப் படம் எடுத்துப் போடுவதுதான் இப்போதைய மோஸ்தர். பாலைவனத் தூசி மாவு போல மெல்லியது. கம்ப்ரஸர் வீல் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கிச் சுழலும்போது அந்தத் தூசி அதன் விளிம்பைத் தேய்த்துவிடும். இவர்கள் கம்பெனி பெட்டியையும் காகித ஃபில்டரையும் அப்படியே வைத்து, அதிலிருந்தே குழாய் எடுத்தார்கள்.

பழைய ஏர்ஃப்ளோ மீட்டரை நீக்கி ஹால்டெக் ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி), பெரிய இன்ஜெக்டர், வால்ப்ரோ பெட்ரோல் பம்ப், ஒரு படி குளிர்ச்சியான பிளக். அதன் பிறகு டைனோ. பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12 வரை நிற்கும்படி அமைத்தார்கள். பிளாக்கில் மைக் பொருத்தி, ட்யூனர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) சத்தம் கேட்கிறதா என்று கவனித்தபடி இக்னிஷன் நேரத்தைத் துளித்துளியாக முன்னே நகர்த்தினார். ஒரு இடத்தில் லேசாகக் கேட்டதும் இரண்டு டிகிரி பின்னே இழுத்து அங்கேயே நிறுத்திவிட்டார். சக்கரத்தில் முன்பு 148 குதிரைத்திறன், இப்போது 251. ஈசியுவில் இரண்டு மேப் (எஞ்சினுக்கான அமைப்பு) உண்டு: ஒன்று சூப்பர் 98 பெட்ரோலுக்கு, மற்றொன்று ஸ்பெஷல் 95 மட்டும் கிடைக்கும்போது. சுவிட்ச் ஸ்டீயரிங்குக்குக் கீழே.

மணலில் எப்படி? முன்பு அல் பதாயர் பாலைவனத்தில் நெட்டுக்குத்தான மேட்டை ஏற தூரத்திலிருந்தே வேகம் பிடித்து ஓடிவரவேண்டும். வேகம்தான் ஒரே ஆயுதம் என்பதால் உச்சியில் வண்டி பறந்துவிடும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. இப்போது டயரை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி, லோ ரேஞ்சில் மூன்றாவது கியரில் நிதானமாக ஏறி, உச்சிக்கு முன்பே காலைத் தளர்த்தி, எட்டிப் பார்த்து இறங்க முடிகிறது. டர்போ எனக்குத் தந்த பெரிய லாபம் இந்த நிதானம்தான். ஃபாஸில் ராக் பக்கம் குடும்பத்தோடு போகும்போது மனைவி இப்போது கைப்பிடியைப் பிடிப்பதில்லை.

சூடுதான் எதிரி. மணலில் எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், வண்டியோ மெதுவாக நகரும். ரேடியேட்டருக்குக் காற்று வராது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேறு முன்னால் மறைத்து நிற்கிறது. விஸ்கஸ் ஃபேனில் (ரேடியேட்டர் விசிறி) சிலிக்கோன் எண்ணெயைக் கெட்டியான வகைக்கு மாற்றினார்கள். தனி டிஜிட்டல் வெப்பமானியும் கட்டாயம் வைத்தார்கள். கம்பெனி முள் ஒரு பெரிய வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே அசையாமல் நிற்கும், அதை நம்பினால் எஞ்சின் போனபிறகுதான் முள் ஏறும். ஜனவரியில் 96 டிகிரி, ஏப்ரல் கடைசியில் 104 வரை பார்த்தேன். அதற்கு மேல் போனால் நிறுத்திவிடுவேன். கோடையில் இந்த வண்டி மணலுக்குப் போவதில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஃபோனை எடுக்கமாட்டார்கள், நேரில்தான் போகவேண்டும். இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் ஒன்று முதல் ஓட்டத்திலேயே கழன்றது. அப்படிக் கழன்றால் பூஸ்ட் மொத்தமும் வெளியே போய்விடும். மறுநாளே வந்து நல்ல கிளாம்பாக மாற்றித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. புதிய கனமான கிளட்ச்சின் பெடல், ஷார்ஜா டிராஃபிக்கில் இடது காலை வாட்டுகிறது. கம்பெனி கிளட்ச் இந்த இழுவையில் நழுவும் என்பதால் அதற்கு வழியில்லை. பெட்ரோல், சாலையில் நிதானமாகப் போனால் முன்பு போலத்தான், மணலில் நன்றாகக் குடிக்கிறது.

மொத்தச் செலவு சுமார் 34,000 திர்ஹாம், கேஸ்கெட் வேலையும் கிளட்ச்சும் சேர்த்து. அதில் டர்போவின் விலை கால்வாசிகூட இல்லை. 15,000க்கு எல்லாம் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஈசியு என்ன, டைனோ உண்டா, லீக் டவுன் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். எஞ்சினை மாற்றியமைக்க முறையான அனுமதி வாங்கவேண்டும், இல்லாவிட்டால் பாஸிங்கில் (பதிவைப் புதுப்பிக்கும் வண்டிச் சோதனையில்) மாட்டும். வேலை தொடங்கும் முன்பே அதைப் பேசிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் நண்பர்கள் மாருதி ஜிப்ஸிக்கு இதையே செய்யலாமா என்று கேட்கிறார்கள். தயாரிப்பாளர் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. டிராக்கில் மட்டும் ஓட்டும் வண்டியென்றால் யோசிக்கலாம், சாலையில் ஓட்டுவதற்கு வேண்டாம்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மேனிஃபோல்ட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, எண்ணெய் மாற்றித் தருவது இவர்களின் கட்டணத்திலேயே அடக்கம். அதற்கு மே மாதத்திலோ ஜூனிலோ போங்கள். அக்டோபரில் சீசன் தொடங்கிவிட்டால் லிஃப்ட் கிடைக்காது.