அப்பாவின் கணினியும் ஆட்வ்கிளீனரும்: ஐந்து ஆண்டு அனுபவம்

ரயில் நேரம் தேடினால் பெயரே கேள்விப்படாத தேடுபொறி ஒன்று திறக்கிறது என்று அப்பா சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகப்புப் பக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை கணினியைப் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடி என்று அதுவே வந்து நின்றது. பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியிருக்கிறார். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்த ஒரு சின்னக் கட்டத்தில் வினை உட்கார்ந்திருந்தது.

அன்று தொடங்கியது ஆட்வ்கிளீனர் பழக்கம். வேண்டாத விளம்பர மென்பொருள்களைத் தேடி நீக்கும் இலவசக் கருவி இது; கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மால்வேர்பைட்ஸ் 2016இல் இதை வாங்கிக்கொண்டது. நிறுவத் தேவையில்லை, கோப்பைச் சொடுக்கினால் ஓடும். எங்கள் பழைய கணினியிலும் சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலைப் படிக்காமல் நீக்காதீர்கள். கணினித் தயாரிப்பாளர் முன்கூட்டியே போட்டு அனுப்பும் மென்பொருள்களையும் அது தனியாகக் காட்டும். அவை நச்சுநிரல்கள் அல்ல.

ஆனால் கருவியை ஓட்டிவிட்டுக் கையைக் கழுவிவிட முடியாது. மேசைத்திரையில் இருந்த குரோம் சின்னத்தின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். நிரலின் பாதை முடிந்த பிறகு, ஓர் இடைவெளி விட்டு, அந்தத் தேடுபொறியின் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. அமைப்புகளில் என்ன மாற்றினாலும் அந்தச் சின்னத்தைச் சொடுக்கினால் அங்கேதான் போகும். வாலை வெட்டினேன்.

அடுத்து நீட்சிகள், அதாவது உலாவியில் சேர்க்கும் சின்னச் சின்ன கூடுதல் நிரல்கள் (எக்ஸ்டென்ஷன்). ஒன்றுக்கு மட்டும் நீக்கும் பொத்தானே இல்லை. மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று இருந்தது. எங்கள் வீட்டில் நிறுவனம் என்று சொல்லத்தக்கது அம்மாவின் சமையலறை ஒன்றுதான்! அலுவலகக் கணினிகளில் உலாவியை நிர்வாகி கட்டுப்படுத்துவதற்காக உள்ள பாலிசி வசதியை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதி அந்த நீட்சி தனக்குச் சாதகமாக்கிக்கொண்டிருந்தது. அந்த வரியை அழித்த பிறகுதான் அது போயிற்று. ஒரு வாரத்தில் திரும்பியும் வந்தது! அப்பாவின் கூகுள் கணக்கு என் பழைய மடிக்கணினியிலும் திறந்திருந்தது. ஒரே கணக்கில் உள்ள கணினிகளுக்கிடையே அமைப்புகளைப் பகிரும் ஒத்திசைவு (சிங்க்) வழியாக அங்கிருந்து வந்திருக்கிறது. இரண்டிலும் எடுத்துவிட்டு, கடவுச்சொற்களைக் கைபேசியிலிருந்து மாற்றினேன்.

ஆட்வ்கிளீனர் துடைப்பம்தான், காவலாளி அல்ல. அதே நிறுவனத்தின் மால்வேர்பைட்ஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பும் சோதனைக் காலம் முடிந்தால் நாம் கூப்பிட்டால்தான் வரும். எனவே தினசரிக் காவலை விண்டோஸுடனே வரும் விண்டோஸ் டிஃபெண்டரிடமே விட்டிருக்கிறேன். அதில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி வாங்கும் தேவை இதுவரை எனக்கு வரவில்லை.

போன மாதம் மீண்டும் அழைப்பு. திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறதாம். கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அது ஏதோ ஒரு தளம் உலாவி வழியாக அனுப்பும் அறிவிப்பு. அமைப்புகளில் பார்த்தால் பதினொரு தளங்களுக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறார்.

"நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அனுமதி'யை அழுத்தச் சொன்னது, நிரூபித்தேன்" என்றார் அப்பா.