மூன்று மெஷின், ஒரே டெர்மினல்: எதை எடுக்கலாம்?

ஆபீசில் விண்டோஸ் லேப்டாப், வீட்டில் மேக், அதற்குப் பக்கத்தில் ஒரு உபுண்டு லினக்ஸ் பெட்டி. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் ஜன்னலில், காப்பி பண்ண மேக்கில் கமாண்ட்-சி, மற்ற இரண்டிலும் கண்ட்ரோல்-ஷிப்ட்-சி, கை பழக்கத்தில் ஷிப்ட்டை விட்டுவிட்டால் ஓடிக்கொண்டிருந்த வேலையே நின்றுபோகும். அதனால் டெர்மினல் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். ஒரே செட்டிங் பைலை மூன்றிலும் போட முடியுமா? அதுதான் முதல் கேள்வி.

இதைக் கேட்டாலே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது. விண்டோஸ் டெர்மினல் நல்ல சாமான், ஆனால் விண்டோஸை விட்டு வெளியே வராது. மிட்செல் ஹாஷிமோட்டோ எழுதிய கோஸ்ட்டி என்ற டெர்மினல் 2024 டிசம்பரில் 1.0 ஆக வந்தது, மேக்கிலும் லினக்ஸிலும் அந்தந்த சிஸ்டத்தோடு பிறந்தது போல இழைந்து ஓடும், விண்டோஸுக்குத்தான் இல்லை. காலிபர் என்ற மின்னூல் மென்பொருளைச் செய்த கோவிட் கோயலின் கிட்டி டெர்மினலுக்கும் இதே கதை. கிட்டியில் இன்னொன்றும் உண்டு: அது தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சொல்லிக்கொள்ளும், பழைய சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்து மெஷினுக்குள் நுழையும் வழி) போனால் இப்படி ஒரு டெர்மினலே தெரியாது என்று அங்கே கையை விரித்துவிடும். கிட்டியோடு வரும் எஸ்எஸ்ஹெச் கருவி அந்த விவரத்தைத் தானே கொண்டுபோய் வைக்கிறது, அதைப் பயன்படுத்தினால் தொல்லை இல்லை.

மிச்சம் அலாக்ரிட்டியும் வெஸ்டெர்மும். இரண்டுமே ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியவை, மூன்று சிஸ்டத்திலும் ஓடும்.

அலாக்ரிட்டி ரொம்ப லேசு. மேக் தரும் டேப்பைத் தவிர சொந்தமாக டேப் கிடையாது, திரையைப் பிரிக்க வழி கிடையாது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், ஒரே ஜன்னலைப் பல திரையாகப் பிரிக்கும் டீமக்ஸ் போட்டுக்கொள் என்பார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் சரி, விண்டோஸில் டீமக்ஸுக்காகவே டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) போன்ற ஒன்றை ஏற்ற வேண்டும். செட்டிங் பைல் டாம்ல் வடிவத்தில் இருக்கும், 0.13 பதிப்புக்கு முன்னால் யாம்ல் வடிவத்தில் இருந்தது. அதில் 'மேக்காக இருந்தால் இது' என்று எழுத முடியாது, பொதுவான ஒரு பைல் வைத்து, மெஷினுக்கு ஒரு குட்டி பைலை இம்போர்ட் பண்ண வேண்டும். முடியாத காரியமில்லை, ஆனால் நாலு மாசத்தில் எந்த வரி எந்த பைலில் என்று மறந்துபோகும்.

வெஸ்டெர்மில் செட்டிங் என்பதே லுவா மொழியில் எழுதும் நிரல், எந்த சிஸ்டத்தில் ஓடுகிறோம் என்று அதற்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம். இது எங்கே உதவுகிறது என்றால் எழுத்தின் அளவை வைப்பதில். மேக் ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி என்று கணக்குப் போடும், மற்றவை 96. அதனால் மேக்கில் 14 என்று வைத்தால் மற்ற இரண்டில் 10.5 வைத்தால்தான் எழுத்து ஒரே அளவில் வரும். 'மேக்காக இருந்தால்' என்று ஒரே ஒரு இஃப் வரி, முடிந்தது. ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ எழுத்துரு உள்ளேயே வருகிறது, தனியாக ஏற்ற வேண்டாம். டேப், திரைப் பிரிப்பு, இரண்டு வகைக் காப்பி விசைகள் எல்லாம் ஆரம்பத்திலேயே இருக்கின்றன.

தமிழில் பைல் பெயர் வைப்பவர்கள் இதையும் பாருங்கள். அலாக்ரிட்டி எழுத்துகளைக் கோத்துக் காட்டாது, அதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெஸ்டெர்ம் அதற்கென்றே உள்ள ஹார்ப்பஸ் என்ற நிரல் தொகுப்பை வைத்துக் கோக்கிறது. கட்டத்துக்குள் அடைப்பதால் இடைவெளி அழகாக இருக்காது, வாசிக்க முடியும்.

வெஸ்டெர்முக்குக் குறையும் உண்டு. அலாக்ரிட்டியைவிட மெமரி கூடத் தின்னும், 2024 பிப்ரவரி வெளியீட்டுக்கு அப்புறம் புதியது வேண்டுமென்றால் நெடுநாள் நைட்லி எனப்படும் சோதனைப் பதிப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அப்படியும் என் ஓட்டு வெஸ்டெர்முக்கே. பைலை ஹோம் போல்டரில் .வெஸ்டெர்ம்.லுவா என்று வைத்தால் மூன்று சிஸ்டமும் அங்கேயே தேடி எடுத்துக்கொள்ளும். பைல்களின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில் (மேலே சொன்ன கிட்டி டெர்மினல் இல்லை) அதைப் போட்டு வையுங்கள், புது மெஷின் வந்தால் ஒரு குளோன், அதாவது நகல், போதும்.