பைத்தானைப் பதிக்க: ஸ்டாட்டிக்கா, ஷேர்டா?

சி++ நிரலுக்குள் பைத்தானைப் பதிக்கும்போது லிப்பைத்தானை (பைத்தான் இன்டர்பிரெட்டர் அடங்கிய லைப்ரரி, libpython) ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே சேர்த்து இணைப்பதா, ஓடும்போது ஏறும் தனிக் கோப்பான ஷேர்டு லைப்ரரியாக வைப்பதா? சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க், ஒன்-நார்த் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. லினக்ஸை வைத்தே பேசுகிறேன்.

விநியோகம்
ஸ்டாட்டிக்: இன்டர்பிரெட்டர் நிரலுக்குள்ளேயே இருக்கும். ஆனாலும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி கோப்புகள் கூடவே போக வேண்டும்; பலர் மறப்பது இதைத்தான்.
ஷேர்டு: லைப்ரரி இருக்கும் பாதை சரியில்லை என்றால் நிரல் கிளம்பவே கிளம்பாது.

எக்ஸ்டென்ஷன் ஏற்றம் (தலைவலியே இங்கேதான்)
ஸ்டாட்டிக்: நம்பை (NumPy) போன்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது சி போன்ற மொழியில் எழுதிக் கட்டிய பைத்தான் மாட்யூலை, இம்போர்ட் செய்ததும் சிம்பல் (ஃபங்ஷன், மாறி இவற்றின் பெயர்) கிடைக்கவில்லை என்று பிழை வரும். எக்ஸ்டென்ஷன் தேடும் பைத்தான் சிம்பல்களை லிங்கர் (கட்டிய பகுதிகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) தானாக வெளியே காட்டாது. ‘-ஆர்டைனமிக்’ (-rdynamic) ஃபிளாக் சேர்க்க வேண்டும். பயன்படாத பகுதிகளை லிங்கர் கழித்துவிடுவதால் ‘ஹோல்-ஆர்க்கைவ்’ (--whole-archive) ஃபிளாக்கும் தேவைப்படலாம்.
ஷேர்டு: பெரும்பாலும் தொல்லையில்லை. ஆனால் உங்கள் நிரலே வேறொன்றுக்குள் டிஎல்ஓப்பன் (dlopen, ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் ஃபங்ஷன்) வழியே ஏறும் பிளகின் என்றால் அதே பிழை வரலாம். பைத்தான் 3.8 முதல் எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக லிப்பைத்தானுடன் இணைக்கப்படுவதில்லை. முதலில் லிப்பைத்தானை ‘குளோபல்’ முறையில் (RTLD_GLOBAL; அதன் சிம்பல்கள் பிறகு ஏறும் லைப்ரரிகளுக்கும் தெரியும்) ஏற்றுங்கள், சரியாகும்.

பாதுகாப்புத் திருத்தம்
ஸ்டாட்டிக்: முழு நிரலையும் மறுபடி கட்ட வேண்டும்.
ஷேர்டு: அந்தக் கோப்பை மாற்றினால் போதும்.

3.11-க்குக் கட்டிய எக்ஸ்டென்ஷன் 3.12-இல் பொதுவாக ஏறாது. இதில் இரண்டும் ஒன்றுதான்.

சொந்த மாட்யூல் இரண்டு மூன்று மட்டுமா? ஸ்டாட்டிக் போதும். இன்டர்பிரெட்டரைத் தொடங்கும் முன்பே அவற்றை இனிட்டாப் (inittab, உள்ளேயே கட்டிய மாட்யூல்கள்) பட்டியலில் சேர்த்துவிட்டால் ஏற்றும் வேலையே இல்லை. நம்பை, பாண்டாஸ் என்று பிப் (pip, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியே இறக்குபவர்கள் ஷேர்டுக்கே போங்கள்.